ஏழு மணி வாசிப்பு

ஜனவரி 18, 2005. செவ்வாய்.

நிவாரணக் கப்பலில் வந்த பெட்டியில் பால் பவுடருக்கும் கொசுவலைக்கும் நடுவே நாலு நோட்டு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அனுப்பியதாம். இந்த முகாமில் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். கேட்கிறவர்கள் கேட்கட்டும். எழுதிப் பழகிய கை, மூன்று வாரமாக எழுதாமல் நமநமக்கிறது.

என் பெயர் அமலோற்பவம். வயது நாற்பத்து நாலு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் முடிந்து இந்தப் பெரிய நிக்கோபார் தீவுக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. படகுகள் அணையும் ஜெட்டியின் நுனியில் எண் எழுதிய அளவுக்கம்பம் ஒன்று கடலுக்குள் நட்டிருந்தது. காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்து, தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு வாசிப்பு தவறியதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். புயலில் குடையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போக, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்று எழுதியிருக்கிறேன். மெயின்லேண்டில் இருந்து வரும் அதிகாரிகளே என் ரெஜிஸ்டரைப் பார்த்து வாய் பிளப்பார்கள்.

இப்போது கம்பமும் இல்லை, ஜெட்டியும் இல்லை, அவரும் இல்லை.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் கஸ்பார். படகு இன்ஜின் மெக்கானிக். டிசம்பர் இருபத்தாறு, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை நிலநடுக்கம் நின்றதும் கடலைப் பார்க்க ஜெட்டிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

ரெஜிஸ்டரும் கடலோடு போய்விட்டது.

ஜனவரி 23. ஞாயிறு.

நேற்றுக் கப்பலில் ஜெசிந்தா வந்தாள். போர்ட் பிளேரில் காலேஜ் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருந்ததால் தப்பினாள். என் ஒரே மகள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். அன்றைக்குக் கண்ணாடிச் சில் குத்தி ஏழு தையல் போட்ட கால். "ஆறிருச்சா?" என்றாள். ஆறிவிட்டது என்றேன். அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அப்பா ஏன்மா ஜெட்டிக்குப் போனாவ?"

"கடலு எப்படி இருக்குன்னு பாக்க."

"பாக்க என்ன இருக்கு? பொறந்ததுல இருந்து கடல்ல கெடந்த மனுஷன். தண்ணி அப்படி வத்துனா மேல ஓடணும்னு தெரியாதா? எங்க வாட்ச்மேனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஹாஸ்டல் பிள்ளைங்க எல்லாரையும் மாடிக்கு ஏத்துனான். அப்பாவுக்குத் தெரியாதாம்!"

அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தகரச் சுவரையே பார்த்தாள். "வேடிக்கை பாக்கப் போய் செத்துட்டாவ" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு அரிசியில் கல் பொறுக்கினேன். ஒரே அரிசியை மூன்று தரம் பொறுக்கியிருக்கிறேன்.

ஜனவரி 26. புதன்.

நேற்றுப் பௌர்ணமி. மத்தியானம் கடல் தென்னந்தோப்புக்குள்ளேயே வந்துவிட்டது. முகாமே அலறியடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. அலை இல்லை, ஆட்டம் இல்லை, சும்மா வெள்ளம் ஏறி, மரங்களின் நடுவே நின்று, சாயங்காலம் இறங்கிப் போனது. இத்தனை வருஷத்தில் எந்தப் பௌர்ணமிக்கும் அங்கே தண்ணீர் வந்ததில்லை. கடல் பெருத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் பெருக்கும்? யார் கொண்டு வந்து ஊற்றினார்கள்?

பக்கத்து அறை ஹர்பன்ஸ் கவுர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். டிசம்பரிலும் என்னை மேட்டுக்கு இழுத்துப் போனது இவள்தான். பட்டாளத்துக்காரரின் மனைவி, பஞ்சாபிக்காரி. பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நல்லதாயிற்று.

பிப்ரவரி 3. வியாழன்.

தாமோதரன் சார் என்று ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்திருக்கிறார். தரை எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கிறவராம். மூன்று கால் வைத்த கருவி ஒன்றைப் பாறையில் நிறுத்திவிட்டு இரண்டு நாளாக அதற்குக் காவல் இருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் நாய்க்குட்டியைப் பார்க்கிற மாதிரி அந்தக் கருவியைப் பார்க்கிறார். கம்பம் வாசித்தவள் இங்கே இருக்கிறாள் என்று யாரோ சொல்லி, தேடிக்கொண்டு வந்தார்.

"கடல் ஏறலம்மா. நம்ம தீவுதான் இறங்கிடுச்சு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "தரை எப்படி சார் இறங்கும்? பெஞ்ச்மார்க் இருக்கே. பாறையில பித்தளைக் குமிழ் அடிச்சு வச்சிருக்கே. அதை வச்சுத்தானே என் கம்பத்தோட சைபரே."

"அந்தப் பாறையும் சேர்ந்துதாம்மா இறங்கியிருக்கு. ஒரு மீட்டருக்கு மேல."

ஜெசிந்தாவின் இரண்டு நோட்டுகளை வாங்கித் தரையில் வைத்துக் காட்டினார். பூமியின் மேல்தோடு ஒரே ஓடு இல்லையாம், துண்டு துண்டான தட்டுகளாம். இந்தியா இருக்கிற தட்டு இந்தத் தீவுகளுக்கு மேற்கே கடலுக்கடியில் வந்து, நாம் இருக்கிற தட்டின் கீழே நுழைகிறது. வருஷத்துக்கு நகம் வளர்கிற அளவுதான் நகருமாம். ஒரு நோட்டின் விளிம்பை மற்றதன் அடியில் செருகித் தள்ளினார். மேல் நோட்டின் ஓரம் கீழ் நோட்டோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வளைந்தது, பின்பக்கம் புடைத்துக்கொண்டது.

"இப்படியே பல நூறு வருஷம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. புடைச்ச இடத்துலதான் நீங்க எல்லாரும் வீடு கட்டிக் குடியிருந்தீங்க. அன்னைக்குக் காலையில ஒட்டு விட்டுடுச்சு." விரலை எடுத்தார். வளைந்திருந்த ஓரம் சட்டென்று மேலே எழும்பியது, புடைப்பு அமுங்கிப் போனது. "ஓரம் எழும்பினப்போ கடலையும் தூக்கி விட்டுச்சு. அதான் அலை. பின்பக்கம் இறங்கினதால தீவு தாழ்ந்து போச்சு. சுமத்ராவுல ஆரம்பிச்சு அந்தமான் வரைக்கும் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் கிழிஞ்சிருக்கு."

பதினோரு வருஷம் கடல் ஏறுது, இறங்குது என்று எழுதினேன். நான் காலை ஊன்றி நின்ற இடமே மெள்ள மெள்ளப் புடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சொல்ல ஒரு நாதியில்லை.

போகும்போது அவர் கேட்டார். "அன்னைக்குக் காலையில வாசிப்பு ஏதாவது எடுத்தீங்களா? ஒரே ஒரு எண் இருந்தாக்கூடத் தங்கம். இந்தப் பக்கத் தீவுகள்ல யாருமே எழுதி வைக்கல."

"ரெஜிஸ்டர் போயிருச்சு சார்" என்றேன்.

பிப்ரவரி 9. சாம்பல் புதன்.

நெற்றியில் சாம்பல் வாங்க ஜெசிந்தா வரவில்லை. அப்பாவுக்காக ஒரு செபம் சொல்லக் கூப்பிட்டேன். "எனக்குச் செபம் வரலம்மா. கோவம்தான் வருது" என்றாள்.

பிப்ரவரி 15. செவ்வாய்.

இன்றைக்குச் சும்மா பேச்சுவாக்கில் கேட்பது போல தாமோதரன் சாரிடம் கேட்டேன். "தண்ணி கம்பத்துக்குக் கீழ போய், கம்பமே காய்ஞ்சு நின்னா, பாக்குறவ என்ன செய்யணும் சார்?"

"ஓடணும்மா. வேற ஒண்ணும் இல்ல. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஓடணும்."

"எங்களுக்கு அப்படிச் சொல்லித் தரலியே. எண் கிறுக்குத்தனமா வந்தா முதல்ல கம்பத்தைச் சந்தேகப்படுன்னுதானே சொன்னாங்க. கம்பம் சாஞ்சிருக்கும், போய்ப் பாருன்னு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உண்மைதான். தப்பு உங்க மேல இல்லம்மா" என்றார். எதைச் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. எதைக் கேட்டேன் என்றும் தெரியாது.

சரி, இந்த நோட்டிடமாவது பொய் சொல்லாமல் இருக்கிறேன். ரெஜிஸ்டர் கடலோடு போகவில்லை. ஹர்பன்ஸ் என்னை இழுத்தபோது அது என் கக்கத்தில் இருந்தது. இப்போது என் டிரங்குப் பெட்டியில், சேலைக்கு அடியில், பாலிதீன் பையில் சுற்றி இருக்கிறது. டிசம்பர் இருபத்தாறு, ஏழு மணி என்று ஒரு வரி அதில் உண்டு. அதைக் காட்டினால் வாசித்தவர் யார் என்று கேட்பார்கள்.

மார்ச் 2. புதன்.

மீதி நிற்கிற ஜெட்டிக் கல்லில் புதுக் கம்பம் நட்டார்கள். "பழையபடி நீங்களே பாருங்கம்மா" என்றார் தாமோதரன் சார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். கால் வலிக்கிறது என்றேன்.

மார்ச் 27. ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு.

தகரக் கொட்டகைக் கோயிலில் பூசை. சாமியார் கல்லறை திறந்ததைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். கல்லறையே இல்லாதவர்களுக்கு என்ன சாமி என்று கேட்கத் தோன்றியது.

ஜெசிந்தா கோழி வாங்கி வந்து குழம்பு வைத்தாள். கை அப்படியே அவள் அப்பாவின் கை, உறைப்பு தூக்கலாக இருந்தது. சாப்பிடும்போது சிரிக்கக்கூடச் செய்தாள். ஹாஸ்டலில் ஒருத்தி எண்ணெய் என்று நினைத்துக் கொசு மருந்தைத் தலையில் தேய்த்த கதை. நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அவள் சொன்னாள், "அப்பா இருந்தா காலு எனக்குத்தான்னு சண்டை போட்டிருப்பாவ. இருக்கணும்னு நெனப்பு இருந்தாத்தானே. நம்மளவிட அந்தக் கடலு பெருசாப் போச்சு."

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா?" என்று கேட்டேன். மூன்று மாதமாக இதுதான் நடக்கிறது. சொல்லிவிட்டால் இவளும் போய்விடுவாள். எனக்கென்று மிஞ்சியிருப்பது இவள் ஒருத்திதான்.

மார்ச் 29. செவ்வாய்.

நேற்று ராத்திரி ஒன்பதே முக்கால் வாக்கில் தரை மறுபடியும் ஆடியது. சுமத்ராவுக்குப் பக்கத்திலாம், டிசம்பரில் கிழிந்ததற்குத் தெற்கே அடுத்த துண்டு கிழிந்ததாம். முகாம் மொத்தமும் மேட்டுக்கு ஓடியது. ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். பாதை வளைகிற இடத்தில் நான் நின்று, திரும்பிக் கடலைப் பார்த்தேன். பழக்கதோஷம், வேறென்ன.

"பாத்தது போதும், வாம்மா! அந்த ஆளு மாதிரி நீயும் நின்னு பாத்துட்டே சாவணுமா?"

அந்த ஆளு. பெற்ற அப்பனை அந்த ஆளு என்றாள். பத்துப் பேர் காதுபடச் சொன்னாள். அவர் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு ஜெட்டி நீளத்துக்கும் நடப்பார், இன்ஜின் கறை அவள் பாவாடையில் ஒட்டும், நான் கத்துவேன்.

அலை வரவில்லை. விடிகிற வரை மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளுத்ததும் எல்லோரும் இறங்கினார்கள். நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"ஏட்டி, அப்பா கடலைப் பாக்கப் போகல. நான்தான் அனுப்பினேன்."

அவள் விளங்காமல் பார்த்தாள். நான் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆட்டம் நின்றதும் காலில் கண்ணாடி குத்தி, ஜெட்டிக்கு நேர் மேலே இருந்த நம் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி ஆகப் போகிறது. கீழே தண்ணீர் சரசரவென்று வற்றுகிறது. கம்பம் சாய்ந்துவிட்டது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். என்னால் நடக்க முடியவில்லை. போய்க் கம்பத்தைப் பார்த்து எண்ணைச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"அப்பா ஒண்ணும் சொல்லலியா?" என்றாள்.

"சொன்னாவ. 'கடலு சரியில்ல அமலி. எங்கய்யா காலத்துலகூட இப்படி வத்துனதாச் சொன்னதில்ல. ரெஜிஸ்டர் கெடக்கட்டும், ஒன்னைத் தூக்கிட்டு மேல போயிருதேன்'னு சொன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். "'பதினோரு வருஷத்துல ஒரு நாள் தப்புனது கெடையாது. பயமா இருந்தா எஞ்சேலை ஒண்ணு தாரேன், உடுத்திக்கிட்டு உள்ள இருங்க'ன்னு சொன்னேன். ஹர்பன்ஸ் பக்கத்துல நின்னா. அவளுக்கு ஒண்ணும் புரியல. நான் சிரிக்கேன்னு அவளும் சிரிச்சா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஜெட்டி நுனியில் படியில் இறங்கி, கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்து, மேலே பார்த்துக் கத்தினார். "கம்பம் நேராத்தான் இருக்கு அமலி! தண்ணிதான் இல்ல! அடி வரைக்கும் காய்ஞ்சு கெடக்கு!" நான் ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினேன். ஏழு மணி, கம்பம் வறண்டது. வாசித்தவர் என்கிற கட்டத்தில் அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஜெட்டி இல்லை. அவர் போனதைக்கூட நான் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா திரும்பிக் கடலைப் பார்த்தாள். அப்புறம், "அப்போ அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று மாதத்தில் முதல் தரம் அழுதாள். "அப்பா, அப்பா" என்று சின்னப் பிள்ளையாக அழுதாள். முதுகைத் தடவப் போனேன். தட்டிவிட்டாள்.

"மூணு மாசமா அப்பாவைத் திட்டிட்டு இருந்தேன். நீ கேட்டுட்டே இருந்த. சோறு போட்டுட்டே கேட்டுட்டு இருந்தியேம்மா" என்றாள்.

மார்ச் 30. புதன்.

பேச்சு இல்லை. சோறு வேண்டாம் என்கிறாள்.

ஏப்ரல் 4. திங்கள்.

டிரங்கைத் திறந்து ரெஜிஸ்டரை எடுத்து அவள் பாயின் மேல் வைத்தேன். ஒரு வரியையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொண்டுபோய், கம்பத்தை ஆட்டிப் பார்த்த கதையையும் சொல்லி, தாமோதரன் சாரிடம் கொடுத்துவிட்டாள். அவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அம்மா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? அலை வர்றதுக்கு முன்னாடி கடல் உள்வாங்கினதுக்கு நேரம் போட்டு, கம்பம் சாயலைன்னு கையால தொட்டுப் பார்த்துச் சொன்ன ஒரே சாட்சி. அறிக்கையில பேர் போடணும். யார் பேரைப் போடட்டும்?"

நான் வாய் திறப்பதற்குள் ஜெசிந்தா பதில் சொன்னாள். "கஸ்பார் பர்னாந்துன்னு போடுங்க சார். எங்க அப்பா." அதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது. அவளை இத்தனை அழகாக நான் பார்த்ததே இல்லை. பாவி நான், மூன்று மாதம் இதை அவளுக்குக் கொடுக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன்.

ஏப்ரல் 8. வெள்ளி.

திங்கட்கிழமைக் கப்பலில் போகிறாளாம். ஹர்பன்ஸ் கையை ஆட்டிச் சைகையில் சொன்னாள். என் மகள் போவதை எனக்குச் சொல்லப் பஞ்சாபிக்காரி வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 10. ஞாயிறு.

காலைப் பூசைக்கு ஜெசிந்தா எனக்கு முன்னாலேயே போய் முதல் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் தூணோரம் நின்றுகொண்டேன். பூசை தொடங்குவதற்கு முன் இன்றைய கருத்துகளைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசித்தார். யார் யாருக்காக யார் யார் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்கிற சீட்டு. ஐந்தாவதாக வந்தது.

"கஸ்பார் பர்னாந்து அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகள் ஜெசிந்தா."

அடுத்த பெயருக்குப் போய்விட்டார். இங்கே வழக்கம் அப்படி இல்லை. மனைவி, மக்கள் என்றுதான் எழுதுவார்கள். மனைவி பெயர்தான் முதலில் வரும். புருஷனோடு பேசாத பெண்டாட்டிகூட அந்தச் சீட்டில் இருப்பாள். நான் முழங்காலில் நின்றேனா உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. அவர் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜெசிந்தா தலையைக் குனிந்து அவருக்காகச் செபித்துக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அவருக்கு அவள் கிடைத்துவிட்டாள்.

பூசை முடிந்து அவள் பக்கவாசல் வழியாகப் போய்விட்டாள். நான் சாமியாரிடம் போனேன். விட்டுப்போயிருக்கும், அவசரத்தில் வாசிக்காமல் விட்டிருப்பார் என்று ஒரு நைப்பாசை. அவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்தார். ஜெசிந்தாவின் கையெழுத்து. நல்ல முத்து முத்தான எழுத்து, என்னிடம் கற்றது. மகள் என்று மட்டும்தான் இருந்தது. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

சாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "பிள்ளை மறந்திருக்கும்மா. உங்க பேரையும் சேத்து எழுதிரட்டுமா? அடுத்த வாரம் வாசிச்சிருவோம்."

"வேண்டாம் சாமி" என்றேன். "அவ எழுதுனது சரிதான்."